சின்ன அளவுக்கென்று வரைந்த எழுத்து

ஜனவரி 9

அண்ணிக்கு,

குட்டி எழுதறேன். உங்க வக்கீலம்மா ஆபீஸ் வராந்தாவுல உட்கார்ந்து எழுதறேன். நீங்க எந்த ஊர்ல இருக்கீங்கன்னு கேட்டா வாயே திறக்க மாட்டேங்கறாங்க. நம்பரும் தர மாட்டாங்களாம். கடிதம் குடுத்தா சேர்த்துடறேன்னாங்க. நாத்தனாரை இப்படித் திருடி மாதிரி வாசல்ல உட்கார வச்சுட்டீங்க, சந்தோஷமா?

அடுத்த மாசம் அண்ணன் கேஸ் வருது. ஜெயில்ல அவனை யாரோ அடிச்சு முன்பல்லு போயிடுச்சு. பார்க்கப் போனப்ப சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்து காட்டினான். அதைக் கேட்டதுல இருந்து அம்மா சாப்பாட்டைத் தொட மாட்டேங்கறாங்க. நானும் ஆஸ்பத்திரி வேலையை முடிச்சுட்டு வந்து அவங்க வாயில ஸ்பூனை வச்சுக்கிட்டு நிக்கறேன்.

நான் ஒண்ணும் கண்ணு தெரியாதவ இல்லை. உங்க கையை எக்ஸ்ரே எடுத்ததே நான்தான். கையை விரிச்சு வைங்கன்னு சொன்னேன், உங்களால முடியலை. நான்தான் ஒவ்வொரு விரலாப் பிரிச்சு வச்சேன். நீங்க கத்தக்கூட இல்லை. படம் வந்ததும் பார்த்தேன். பிஸ்கட் பாக்கெட்டை யாரோ செருப்புக் காலால மிதிச்ச மாதிரி இருந்துச்சு. டாக்டர் எப்படி ஆச்சுன்னு கேட்டப்ப, "மெஷின்ல மாட்டிக்கிச்சு"ன்னு நான் சொன்னேன். நீங்க மறுத்துப் பேசலை. போலீஸுக்குப் போனது அப்புறம்தான்.

அதையே கோர்ட்லயும் சொல்லிடுங்க அண்ணி. மெஷின் தானா நகர்ந்துடுச்சுன்னு. எங்க அப்பா அம்மாவை அடிக்காத அடியா? அம்மா கோர்ட்டுக்கா போனாங்க?

குட்டி

ஜனவரி 22

குட்டிக்கு,

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். இடது கையால் எழுதுகிறேன்.

டாக்டரிடம் நீ சொன்ன பொய்க்கு நான் சும்மா இருந்தது சம்மதத்தால் இல்லை. வலியில் வாய் வரவில்லை. அன்றைக்கு நடந்ததை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால் சொல்கிறேன்.

நானும் உன் அண்ணனும் வரைந்தது புத்தகத்துக்கான ஆங்கில எழுத்து. கடைப் பலகைக்கு ஆகாது. பக்கம் பக்கமாகப் படிப்பதற்கென்று, காலில் பாதம் வைத்த பழைய பாணி எழுத்து. ஒவ்வொரு கோடும் தரையைத் தொடும் இடத்தில் இரண்டு பக்கமும் கொஞ்சம் நீட்டிக்கொண்டு நிற்குமே, அதைத்தான் பாதம் என்கிறேன். செரிஃப் என்று நாங்கள் சொல்வது. பெரிய அளவுக்கு அவன் வரைந்தான். பொடி எழுத்தாக அச்சடிக்கிற அளவுக்கு நான் வரைந்தேன். பொடி அளவில் மை பரவும். தட்டையாக வரைந்த பாதம் வீங்கிப்போகும். அதனால் நான் பாதத்தின் அடியை மயிரிழை உள்ளே வளைத்து வரைவேன், உள்ளங்கால் மாதிரி. மை போய் அந்தப் பள்ளத்தை நிரப்பும். பார்த்தால் வளைவு தெரியாது, படிக்க மட்டும் சுகமாக இருக்கும்.

அவனுக்கு அது பிடிக்காது. "எவன் கண்ணுக்கும் தெரியப்போறதில்ல, அதுக்கு எதுக்குடி இந்த மெனக்கெடல்?" என்பான். நான் இல்லாத நேரம் கம்ப்யூட்டரைத் திறந்து எல்லாப் பாதங்களையும் தட்டையாக்கி வைப்பான். நான் வந்து மறுபடி வளைப்பேன். எங்கள் குடித்தனம் பெரும்பாலும் இதுதான்.

அன்று மத்தியானம் ஒரு பதிப்பகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். ஒரே பக்கத்தைப் பொடி அளவில் இரண்டு விதமாக அச்சடித்து வைத்திருந்தோம். எது யாருடையது என்று அவளுக்குத் தெரியாது. அவனுடையதைப் பார்த்து, "அழகா இருக்கு" என்றாள். என்னுடையதை எடுத்தாள், நின்றபடியே கடைசி வரி வரை படித்தாள். பிறகு தாளைத் திருப்பிப் பார்த்து, "அடுத்த பக்கம் எங்கே?" என்று கேட்டாள்.

அவ்வளவுதான். அவள் படி இறங்கும்வரை சிரித்துக்கொண்டு நின்றான். பிறகு கதவைச் சாத்தினான். என் மணிக்கட்டைப் பிடித்து, மாதிரி அச்சடிக்கிற கைப்பொறியின் தட்டில் வைத்தான். முழங்கையால் என் கழுத்தை அழுத்திக்கொண்டு உருளையைத் தள்ளினான். முதல் தடவை விரல் நுனியோடு நின்றுவிட்டது. கைப்பிடியைச் சரியாகப் பிடித்துக்கொண்டு, இரண்டாம் தடவை மணிக்கட்டு வரைக்கும் ஏற்றினான். தட்டில் கறுப்பு மை இருந்தது. ரத்தம் வருவதே முதலில் தெரியவில்லை.

முதல் தடவையைக் கோபம் என்று வைத்துக்கொள். இரண்டாவதை என்னவென்று வைத்துக்கொள்ளச் சொல்கிறாய்?

கேஸை வாபஸ் வாங்க மாட்டேன். அத்தையைச் சாப்பிடச் சொல்.

அண்ணி

பிப்ரவரி 19

அண்ணிக்கு,

கட்டின புருஷனை வரிக்கு வரி அவன் இவன்னு எழுதியிருக்கீங்க. நான் சொல்லலாம், கூடப் பிறந்தவ. நீங்க சொல்லலாமா? சரி விடுங்க, அந்தப் பேச்சுக்கு இப்ப நேரமில்லை.

கேஸைத் தள்ளி வச்சுட்டு அண்ணனுக்கு ஜாமீன் குடுத்துட்டாங்க. எங்க வீட்லதான் இருக்கான். ஆள் பாதியாயிட்டான். கதவைத் தட்டிட்டுத்தான் உள்ள வர்றான், தட்டை அவனே கழுவி வைக்கிறான். அம்மா இட்லி மாவா இளகிட்டாங்க. "அவ மட்டும் வந்து ஒரு வார்த்தை பேசட்டும், நான் கால்ல விழறேன்"னு சொல்றான். நீங்க எங்க இருக்கீங்கன்னு தினமும் கேட்கிறான். எனக்குத் தெரியாதுன்னு சொன்னா நம்ப மாட்டேங்கறான்.

அண்ணி, மனுஷன் திருந்தவே மாட்டானா?

குட்டி

பின்குறிப்பு: மேல எழுதினதைக் கிழிக்கத்தான் நினைச்சேன். தாள் வீணாகுமேன்னு விட்டுட்டேன். நேத்து என் போனைப் பிடுங்கிப் பார்த்தான். உங்க நம்பர் எங்கேன்னு கேட்டு என் முடியைக் கொத்தாப் பிடிச்சு அலமாரி மேல மோதினான். புருவத்துல தையல். ஆஸ்பத்திரியில என் கூட வேலை பார்க்கிறவ, "எப்படிடி ஆச்சு?"ன்னு கேட்டா. அலமாரிக் கதவு இடிச்சிருச்சுன்னு சொன்னேன். சொல்லி முடிச்சதும் எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. அவ என்னைப் பைத்தியம்னு நினைச்சிருப்பா.

மார்ச் 3

குட்டிக்கு,

பின்குறிப்பைத்தான் நான் கடிதமாக எடுத்துக்கொண்டேன்.

அவனை வீட்டை விட்டு அனுப்பு. முடியாது என்று எனக்கே தெரியும், அத்தை விட மாட்டார். அப்படியானால் உன் தங்கை பாப்பாவையாவது எங்கேயாவது தங்கிப் படிக்க அனுப்பு. காலேஜ் பரீட்சை இருக்கிறது என்று சொல்லி அனுப்பலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

என் இருப்பிடம் உனக்குத் தெரியாததே உனக்குப் பாதுகாப்பு. இங்கே நான் வேறு பெயரில் இருக்கிறேன். வேலையும் கிடைத்திருக்கிறது. தடிமனான புத்தகம் ஒன்றுக்கு, பொடி எழுத்தை முதல் கோட்டிலிருந்து புதிதாக, இடது கையால் வரைந்தேன். புத்தகம் அச்சாகி வந்துவிட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் புரட்டுவார்கள், ஒருவர்கூட எழுத்தைப் பார்க்க மாட்டார்கள். இந்தத் தொழிலில் அதுதான் வெற்றி. எனக்கு இப்போது அதுவே ஒளிந்திருக்கவும் இடமாகிவிட்டது.

ஒரே ஒரு பிசகு. ஒவ்வொரு பிரிவும் தொடங்கும் பக்கத்தில், பக்கம் வடிவமைக்கிற பையன் என் பொடி எழுத்தையே எடுத்து உள்ளங்கை அகலத்துக்குப் பெருக்கிப் போட்டுவிட்டான். சின்ன அளவுக்கென்று வரைந்ததை அப்படிப் பெருக்கக் கூடாது, மறைந்திருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும். மாற்றச் சொல்லியிருக்க வேண்டும். மெய்ப்புத் தாளில் பார்த்தேன். பாதங்களின் வளைவு பெரிதாகத் தெரிந்தது. என் கை செத்துப்போகவில்லை என்று தோன்றியது. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தையல் பிரித்ததும் புருவத்தில் எண்ணெய் தடவு. தழும்பு மங்கும்.

அண்ணி

ஜூன் 12

அண்ணி,

முதல்ல அங்கிருந்து கிளம்புங்க, அப்புறம் படிங்க. வக்கீலம்மாவுக்கு போன் பண்ணிச் சொல்லிட்டேன். உங்களுக்குத் தகவல் வந்திருக்கும். இருந்தாலும் கை சும்மா இருக்க மாட்டேங்குது, எழுதறேன்.

பாப்பா பரீட்சைக்கு ஒரு இங்கிலீஷ் அகராதி வேணும்னா. புதுசா வந்ததுன்னு கடைக்காரர் குடுத்தார். வாங்கிட்டு வந்து சாப்பாட்டு மேஜையில வச்சேன். அண்ணன் சாப்பிட்டுக்கிட்டே சும்மா புரட்டினான். பெரிசா ஒத்தை எழுத்து போட்டிருந்த பக்கம் வந்ததும் சோறு பிசைஞ்ச கை அப்படியே நின்னுடுச்சு. கட்டை விரலால எழுத்தோட அடியைத் தடவினான். இன்னொரு பிரிவைத் திருப்பினான், இன்னொண்ணு. அப்புறம் சொன்னான்: "இது அவ கால்."

எனக்கு ஒண்ணும் விளங்கலை. நீங்க பாதம்னு எழுதியிருந்த பழைய கடிதம் ஞாபகம் வந்ததும்தான் புரிஞ்சுது. உங்க பேர் எங்கேயும் போடலை, நான் பார்த்தேன். ஆனா முதல் பக்கத்துல புத்தகம் போட்ட ஆபீஸ் முகவரி இருக்கே, அண்ணி.

பிடுங்கப் போனேன். புத்தகத்தாலயே என் வாயில அடிச்சான். பாப்பா கத்தினா. அவளைச் சமையலறையில தள்ளித் தாழ்ப்பாள் போட்டான். அம்மா, "என்னடா, என்னடா"ங்கறாங்க. இவன் கொஞ்சமும் சத்தம் போடாம, கடைக்குக் கிளம்பறவன் மாதிரி, மாடிப்படிக்கு அடியில இருந்து சுத்தியலை எடுத்துப் பையில போட்டான். "ஒரு கை பாக்கி வச்சது என் தப்பு. இந்தத் தடவை கையோட நிறுத்த மாட்டேன்"னு சொன்னான். சொல்லிட்டு, செருப்பை மாட்டிக்கிட்டு, "அம்மா, வர்றேன்"னான். அம்மா, "பார்த்துப் போடா"ன்னாங்க.

உதடு கிழிஞ்சு தாள்ல சொட்டுது. மன்னிச்சுக்கோங்க.

குட்டி

ஜூலை 2

குட்டிக்கு,

சிறையிலிருந்து எழுதுகிறேன். உனக்கு நான் எழுதலாமா என்றே தெரியவில்லை. நடந்ததை மற்றவர்கள் சொல்லி நீ கேட்டிருப்பாய். நான் சொல்லியும் கேட்க வேண்டும்.

உன்னால் எனக்கு முன்கூட்டியே தகவல் கிடைத்தது. போலீஸுக்குச் சொன்னோம், வருகிறோம் என்றார்கள். பஸ் நிலையத்திலேயே அவன் காத்திருந்தால் என்ன செய்வது என்று பயந்து, பதிப்பகத்தில் இருந்தவர்கள் என்னைப் பழைய புத்தகங்கள் வைத்திருக்கும் அறையில் உட்காரவைத்து உள்ளே தாழ் போடச் சொன்னார்கள். வெளியே காற்புள்ளி உட்கார்ந்துகொண்டார். மெய்ப்புத் திருத்துகிறவர். ஒரு காற்புள்ளிக்காக அரைநாள் சண்டை போடுவார், அதனால் அந்தப் பெயர். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "பயப்படாதீங்கம்மா, நான் வாயாலயே ஆளைக் கொன்னுடுவேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

போலீஸுக்கு முன்னால் அவன் வந்தான். "எங்கே அவ?" என்று கேட்டது காதில் விழுந்தது. "எவ? இங்க ஏகப்பட்ட பேர் இருக்காங்க, விவரமாக் கேளுங்க" என்றார் காற்புள்ளி. பிறகு ஒரு சத்தம். ஈரத் துணியைக் கல்லில் அடித்த மாதிரி. அவருடைய தாடை. விழுந்தவர் எழுந்து மறுபடி கதவை மறைத்து நின்றார் என்று பிறகு சொன்னார்கள். இரண்டாவது அடி காதில். பிழைத்துவிட்டார், அந்தக் காது இனிமேல் கேட்காது.

பிறகு கதவு. பலகை உடைந்து சுத்தியல் உள்ளே வந்து இடுக்கில் சிக்கியது. அவன் அதை விட்டுவிட்டு ஓட்டை வழியாகக் கையை விட்டுத் தாழை நீக்கினான். உள்ளே வந்ததும் என் வலது கையைப் பிடித்து முறுக்கினான். அந்தக் கையைப் பிடித்தால் நான் அடங்கிவிடுவேன் என்பது அவன் பழக்கம். இடது கையை அவன் கணக்கிலேயே எடுக்கவில்லை. நான் சுத்தியலைப் பிடுங்கி அவன் காதுக்கு மேலே அடித்தேன். மண்டியிட்டான். கை நீட்டி என் கழுத்தைப் பிடித்தான். மறுபடி அடித்தேன். குப்புற விழுந்தான். அதற்குப் பிறகும் ஒரு தடவை அடித்தேன்.

வக்கீலம்மா சொல்கிறார்: அவன் சமாதானம் பேச வந்தான், காற்புள்ளி தடுத்ததால் கைகலப்பு ஆகிவிட்டது என்று எதிர்த்தரப்பு சொல்லுமாம். சுத்தியலைப் பையில் போடும்போது அவன் சொன்னதைக் கேட்டவர்கள் நீயும் அத்தையும்தான். அத்தை ஒன்றும் கேட்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம்.

கேட்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன். வந்து சொல்வாயா?

அண்ணி

ஜூலை 21

உங்களுக்கு,

என்ன துணிச்சல் உங்களுக்கு.

தகவல் சொன்னது நான். ஓடுங்கன்னு சொன்னது நான். உங்களைக் காப்பாத்தத்தான் சொன்னேன், அவனைச் சாகடிக்க இல்லை. பிணவறையில அடையாளம் காட்டப் போனதும் நான்தான். தலையில ஒரு பக்கம் இல்லவே இல்லை, பஞ்சை வச்சு அடைச்சிருந்தாங்க. வாய் திறந்திருந்துச்சு. பல்லு போன இடம் தெரிஞ்சுது.

முதல் தடவை கோபம், இரண்டாவது என்னன்னு என்னைக் கேட்டீங்களே. நானும் கேட்கிறேன். முதல் அடி தற்காப்பு. ரெண்டாவதும் தற்காப்புன்னே வச்சுக்கறேன். குப்புறக் கிடந்தவன் உங்களை என்ன பண்ணினான்?

அஞ்சலி அட்டை அடிக்கப் போனேன். பேரை இங்கிலீஷ்ல போடணும்னு அம்மா சொன்னாங்க. கடைக்காரர் நாலஞ்சு எழுத்துல அவன் பேரை அடிச்சுக் காட்டினார். அழுது கண்ணு வீங்கிக் கிடக்கு, எதோ ஒண்ணுல விரலை வச்சேன். "நல்ல எழுத்தும்மா, சாவுக்கும் கோயிலுக்கும் எல்லாரும் இதைத்தான் கேட்பாங்க, மரியாதையா இருக்கும்"னார். எழுத்தோட பேரைச் சொன்னார். நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து முதல்ல வித்ததே, அது. கடை வாசல்லயே வாந்தி எடுத்தேன்.

வர மாட்டேன். அம்மாவுக்கு இருந்த ஒரு பிள்ளையைக் கொன்னுட்டு, இப்ப பொண்ணையும் கேட்கிறீங்க.

ஆகஸ்ட் 5

குட்டிக்கு,

நீ வர வேண்டாம். கேட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

மூன்றாவது அடிக்கு என்னிடம் பதில் இல்லை. இங்கே தேடிப் பார்க்க நிறைய நேரம் இருக்கிறது, தேடியும் கிடைக்கவில்லை. பயம் என்று சொன்னால் பாதிப் பொய். அந்த நேரத்தில் எனக்குப் பயம் போய்விட்டிருந்தது. கை லேசாக இருந்தது. கோர்ட்டில் கேட்டால் இதையே சொல்வேன். வக்கீலம்மா தலையில் அடித்துக்கொள்கிறார்.

குற்றப்பத்திரிகையின் பிரதியைக் கொடுத்தார்கள். யாரோ எப்போதோ வரைந்த, பாதம் வைத்த புத்தக எழுத்தில்தான் அடித்திருக்கிறார்கள். நல்ல எழுத்து. முதல் வரியில் ஆரம்பித்தவள் நிற்காமல் படித்துக்கொண்டே போனேன். இறந்தவரின் மண்டையோடு எத்தனை துண்டாக இருந்தது என்கிற வரியைக்கூடக் கண் தட்டாமல் தாண்டிவிட்டது. பக்கம் முடிந்ததும் அடுத்த பக்கத்தைத் தேடினேன். அப்போதுதான் என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது. வாழ்நாள் முழுக்க இதற்காகத்தான் பாடுபட்டேனா? எதையும் இடறாமல் படிக்கவைப்பதற்கா?

அத்தையிடம் ஒன்றும் சொல்லாதே. பாப்பா பரீட்சையில் தேறினாளா என்று மட்டும் எப்போதாவது தெரிவி.

அண்ணி

நவம்பர் 16

அண்ணிக்கு,

நான் வந்ததைப் பார்த்தீங்க. கூண்டுல ஏறினப்ப உங்க பக்கம் திரும்பக் கூடாதுன்னு சாமி மேல ஆணை வச்சுட்டு வந்தேன், அதனாலதான் பார்க்கலை.

அன்னைக்குக் காலையில கிளம்பும்போதுகூட கூண்டுல ஏறறதா இல்லை. சும்மா ஓரமா உட்கார்ந்து கேட்கத்தான் லீவு போட்டேன். முதல்ல உங்களைத்தான் விசாரிச்சாங்க. அரசு வக்கீல், "விழுந்த பிறகும் அடிச்சீங்களா?"ன்னு கேட்டார். உங்க வக்கீலம்மா கண்ணைக் காட்டறாங்க, கையைப் பிசையறாங்க. நீங்க, "அடிச்சேன்"னீங்க. "பயத்துலயா?" "இல்லை." அதைக் கேட்டதும் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. இந்தப் பொம்பளை தூக்குல தொங்கறதுக்குன்னே பேசுதேன்னு. அவ்வளவு உண்மையை நீங்க சொல்லிட்டு இறங்கினதுக்கு அப்புறம், நான் ஓரமா உட்கார்ந்து வாயை மூடிக்கிட்டிருந்தா, நானும் எங்க அம்மாவும் ஒண்ணு. வக்கீலம்மாகிட்ட போய் என்னையும் கூப்பிடுங்கன்னேன்.

அரசு வக்கீல் என்கிட்ட கேட்டதை நீங்களும் கேட்டீங்க. "இந்தம்மா உங்களுக்கு என்ன வேணும்?" "அண்ணி." "உங்க அண்ணனைக் கொன்னவங்களையா அண்ணிங்கறீங்க?" "வேற எப்படிக் கூப்பிடறதுன்னு நீங்களே சொல்லுங்க சார், கூப்பிடறேன்." கோர்ட்டே சிரிச்சுது. எனக்குச் சிரிப்பு வரலை.

சுத்தியலைச் சொன்னேன். அவன் சொன்ன வார்த்தையைச் சொன்னேன். என் வாயைத் திறந்து ஆடற பல்லைக் காட்டினேன். உங்க கை எக்ஸ்ரேயைப் பத்திக் கேட்டாங்க, மெஷின்ல மாட்டினதுன்னு டாக்டர்கிட்ட சொன்னது பொய், சொன்னது நான்தான்னு சொன்னேன். அந்தப் பொய்க்கு ஆஸ்பத்திரியில என்னைத் தற்காலிகமா வேலையை விட்டு நிறுத்தி வச்சிருக்காங்க. இருக்கட்டும். மூணாவது அடி தப்பு, அது எங்க அண்ணனுக்கு நடந்த அநியாயம்னும் சொன்னேன். உங்க முகம் எப்படி இருந்துச்சோ, நான் பார்க்கலை. அவன் உங்களைக் கொல்ல வந்தான். நீங்க அவனைக் கொன்னீங்க. ஒண்ணை மட்டும் சொல்ல எனக்கு வரலை.

தற்காப்புக்காகச் செஞ்சதுன்னு உங்களை விடுதலை பண்ணினது நேத்து டிவியில வந்துச்சு. அம்மா பார்த்தாங்க. எழுந்து டிவியை அணைச்சாங்க. அப்புறம் கையில கிடைச்சதை எல்லாம் என் மேல வீசினாங்க. தண்ணி ஜக்கு, செருப்பு, அவன் போட்டோ. கண்ணாடி உடைஞ்சு என் காலெல்லாம் ரத்தம். நான் நகரலை. வீசி முடிச்சுட்டு மூச்சு வாங்க உட்கார்ந்தாங்க. நான் அவங்க காலடியில கிடந்த கண்ணாடியைப் பொறுக்கினேன். "உனக்கும் அவளுக்கும் என்னடி உறவு இனிமே?"ன்னு கேட்டாங்க. நான் அவன் போட்டோவை எடுத்துத் துடைச்சு வச்சேன்.

பாப்பா தேறிட்டா. நல்ல மார்க்.

அண்ணி, எனக்கு இனிமே எழுதாதீங்க. அவனை நினைச்சா உங்க மேல வெறி வருது. உங்களை நினைச்சா அவன் மேல வருது. நான் அம்மாவோட இந்த வீட்ல இருந்தாகணும். எழுதாதீங்க. எழுதினா நான் பதில் போட்டுடுவேன், அதனாலதான் சொல்றேன்.

குட்டி